பிடிக்கும் என்று சொல்லும் பயிற்சி

புனேவில் சிஞ்ச்வட் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. வியாழன்தான். ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் நாளில் நாங்கள் லுங்கியோடு வீட்டில் உட்கார்ந்திருப்போம். போன வருஷம் அந்த வியாழனையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. கேன்டீனுக்கு மேலே உள்ள ட்ரெயினிங் அறையில் காலையில் ஸ்பானிஷ் வகுப்பு.

எங்கள் முதலாளிகளுக்கு மெக்சிகோவில் இன்னொரு தொழிற்சாலை உண்டு. நாங்கள் இங்கே லேத் மெஷினில் கடையும் அதே பாகத்தை அங்கேயும் கடையப் போகிறார்களாம். வேலையைக் காட்டிக்கொடுக்க இங்கிருந்து சிலரை ஆறு மாதம் அனுப்புவதாக முடிவானது. அங்கே இங்கிலீஷ் செல்லாது என்றார்கள். எங்களுக்கும் அது பெரிதாக வராது, அதனால் யாரும் வருத்தப்படவில்லை. எட்டுப் பேரைப் பொறுக்கி உட்காரவைத்தார்கள். நான் பத்தாவதோடு நிறுத்தியவன். நாற்பத்தெட்டு வயதில் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தபோது முழங்கால் மேசையில் இடித்தது.

எனக்கு அங்கே போக வேண்டும் என்று இருந்தது. வெளியே சொல்லிக்கொள்ளாத ஆசை. புனேவுக்கு வந்ததும் என் யோசனை இல்லை, அக்கா வீட்டுக்காரர் கூட்டிவந்தார். கட்கியில் வீடு பார்த்ததும் அவர்தான், எனக்குப் பெண் பார்த்ததும் அவர்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. என்னைத் தெரிந்த யாருமே இல்லாத ஓர் ஊரில் ஒருவேளை வந்துவிடும் என்று எப்படியோ நம்ப ஆரம்பித்திருந்தேன். பாஸ்போர்ட் எடுக்கச் சொன்ன நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது.

பாடம் நடத்தியவர் ஔந்த்திலிருந்து ஸ்கூட்டரில் வரும் ஒரு மராத்திப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. நாங்கள் மேடம் என்போம். முதலில் எண்கள், நிறங்கள், பிறகு போல்ட்டு, நட்டு, எண்ணெய், தண்ணீர் என்று ஒழுங்காகப் போனது. ஒரு வியாழக்கிழமை அவர் ஹெல்மெட்டை மேசைமேல் வைத்துவிட்டு, இன்றைக்கு ஓர் ஆளைப் பிடித்திருக்கிறது என்று சொல்வது எப்படி என்று பார்ப்போம் என்றார். எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் மின்விசிறியைப் பார்த்தோம்.

அவர் சொன்ன காரணம் நியாயமாகத்தான் இருந்தது. அங்கே போன முதல் வாரமே யாராவது வீட்டுக்குக் கூப்பிடுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள், உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். நீங்கள் தூண் மாதிரி நின்றால் கோபம் என்று நினைத்துக்கொள்வார்கள். கூட வேலை செய்பவரிடம் சொல்ல ஒரு வாக்கியம், மனதுக்குப் பிடித்த பெண்ணிடம் சொல்ல வேறொன்று, சொந்த வீட்டு ஆட்களிடம் சொல்ல இன்னொன்று. கம்பெனி வேலையாகப் போகிறவர்கள் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டால் எல்லாருக்கும் நல்லது என்று சொல்லிச் சிரித்தார். அந்த முதல் வாக்கியம், 'மே காயேஸ் பியென்'. உன்னை எனக்குப் பிடிக்கும், நீ நல்ல ஆள், உன்னோடு எனக்கு ஒத்துப்போகிறது, எல்லாம் அதில் அடக்கம்.

பிறகு, பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லி, எதனால் பிடிக்கும் என்று ஒரு காரணமும் சொல்ல வேண்டும் என்றார்.

என் பக்கத்தில் இருந்தவர் பாவு.

பாவு என்றால் மராத்தியில் அண்ணன். அவர் என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். ஆனாலும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார், தமிழ் ஆட்கள் எல்லாரும் இங்கே அண்ணாதான். இப்படி ஒருவரையொருவர் அண்ணன் என்று கூப்பிட்டுக்கொண்டு பல வருஷமாக நாங்கள் ஒரே லேத்தை ஓட்டி வருகிறோம். சேர்ந்து அல்ல. ஒரு வாரம் அவர் முதல் ஷிஃப்ட், நான் இரண்டாவது. அடுத்த திங்களிலிருந்து மாற்றி. ஷிஃப்ட் கைமாறும் பத்து நிமிஷம்தான் எங்கள் உறவு. இன்ன டூல் தேய்ந்திருக்கிறது, இன்ன அளவு இவ்வளவு ஏறுகிறது, எண்ணெய் குறைவு. அவ்வளவுதான் பேச்சு, அதுவும் இந்தியில், நடுவே மராத்தி. இந்த வகுப்புக்கு வந்த பிறகுதான் அவர் உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்தால் குள்ளமாகத் தெரிந்தார்.

நான் அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்து வாக்கியத்தைச் சொன்னேன். மேடம் காரணம் கேட்டார். அவர் சீவி விழும் இரும்புச் சுருளை ட்ரேயில் விட்டுவிட்டுப் போகமாட்டார் என்றேன். அவர் என்னைப் பற்றி, அண்ணா பொய் அளவு சொல்லமாட்டார் என்றார். ட்ரில்லிங் செக்‌ஷன்காரர் தன் கூட்டாளியைப் பற்றி, இவர் கடன் கேட்கமாட்டார், வெற்றிலை போட்டு மூலையில் துப்பமாட்டார் என்றார். எல்லாரும் இப்படியே சொல்லி முடித்தோம்.

நீங்கள் சொன்னது எல்லாம் புகார் இல்லை என்பதுதானே, பிடிக்கும் என்பது எங்கே என்று மேடம் கேட்டார். எங்கள் வேலையில் ஒருவரைப் பற்றிப் புகார் இல்லை என்றால் அதற்கு மேல் புகழ்வதற்கு ஒன்றும் கிடையாது. அப்படித்தான் பழகியிருந்தோம். அவர் விடவில்லை. அடுத்த வாரம் மேனேஜர் வந்து உட்காருவார், ஆளுக்கு இரண்டு நிமிஷம், கூட வேலை செய்யும் ஒருவரைப் பற்றி, எதனால் அவரைப் பிடிக்கும் என்று பேச வேண்டும், 'மாட்டார்' என்ற பேச்சே வரக்கூடாது என்றார். அதைக் கேட்டுத்தான் யார் போவது என்று முடிவு செய்வார்களாம். கடைசியில் இன்னொன்றும் சொன்னார். ஒரு மெஷினுக்கு ஒருவர்தான். எங்கள் மெஷினிலிருந்து, நானோ பாவுவோ.

அந்த வாரம் முழுக்க எனக்கு அதே யோசனைதான்.

யாரைப் பற்றிப் பேசுவது என்பதில் குழப்பம் இல்லை. எனக்குத் தெரிந்தது பாவுதான். அவரைப் பற்றி என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்ததும் வந்துகொண்டே இருந்தது, அதுதான் தொல்லை. அவர் சோள ரொட்டி கொண்டுவருவார். வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லி, ஒரு ரொட்டியையும் இடித்த மிளகாயையும் காகிதத்தில் சுற்றி மெஷின் பேனல்மேல், சூடு இருக்கும் இடமாகப் பார்த்து வைத்துவிட்டுப் போவார். எத்தனையோ வருஷமாக அவருக்கு வயிறு நிறைந்துகொண்டே இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு கம்பெனி திறந்தபோது, இரண்டு ஷிஃப்டும் உள்ளே சந்திக்கக்கூடாது என்று விதி. அவர் ஷிஃப்ட் முடிந்தும் கேட்டுக்கு வெளியே தள்ளி நிற்பார். நான் வருவதைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கிவிட்டு நடப்பார். நான் வந்துவிட்டேனா என்று பார்க்கத்தான் நின்றார் என்பது எனக்கு அப்போதே தெரியும். அதை நான் எந்த மொழியிலும் எந்த ஆளிடமும் சொன்னதில்லை.

ஒவ்வொன்றையும் ஸ்பானிஷில் கோத்தேன். தெரியாத வார்த்தையை மேடத்திடம் போனில் எழுதிக் கேட்டேன். கட்கியில் ரயில் ஏறினால் சிஞ்ச்வட் வரும்வரை முணுமுணுப்பேன். எதிரில் உட்கார்ந்தவர்கள் வேறு இடம் பார்த்துப் போனார்கள். பாதி வழியில் எழுந்து கதவுப் பக்கம் நிற்பேன், மறுபடி வந்து உட்காருவேன்.

கணக்கு வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. நான் பாவுவைப் பற்றி எவ்வளவு நன்றாகப் பேசுகிறேனோ அவ்வளவுக்கு அவர் போக முடியாது. அவர் நல்லவர் என்று சொல்லியே அவர் இடத்தை நான் எடுத்துக்கொள்ள வேண்டும். மோசமாகப் பேசினால் அவரைப் பற்றி நான் நினைப்பது அவ்வளவுதான் என்று எல்லார் முன்னாலும் ஆகிவிடும். இரண்டில் எதையும் என்னால் தாங்க முடியும் என்று தோன்றவில்லை.

அவருக்குப் போக ஆசை இருக்கிறதா என்று தெரிந்தால் போதும் என்று இருந்தது. இல்லை என்றால் நான் நிம்மதியாகப் பேசுவேன். ஆனால் டூல் தேய்மானத்தைத் தவிர நான் அவரிடம் ஒன்றும் கேட்டதில்லை. திங்கட்கிழமை ஷிஃப்ட் மாறும்போது எண்ணெய்த் தொட்டி ஓரம் அவர் உதடு அசைவதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் அசைவு நின்றது. அளவுகளைச் சொன்னார். கையைத் துடைத்தார். போகத் திரும்பியவர் நின்று, துணியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணா, உனக்குப் போகணும்னு இருக்கா?"

"பாக்கலாம் பாவு" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். 'உங்களுக்கு?' என்ற ஒரு வார்த்தை என் வாயிலேயே நின்றது. அன்று இரண்டு பீஸ் அளவு தவறிப் போய்விட்டது.

என் மனைவியிடம்தான் கொட்டினேன். அவள் பருப்பு கடைந்துகொண்டே கேட்டாள்.

"அந்த மனுசன்கிட்டயே கேட்டுர வேண்டியதுதான? மெக்சிகோவுக்குப் போய்ப் பேசப் போறவுகளுக்கு சிஞ்ச்வட்ல வாய் இல்லையாக்கும்."

"கேட்டா, ஆமான்னு சொல்லிட்டார்னா?"

"சொன்னா என்ன? அவரும் மனுசன்தான, அவருக்கும் இருக்கும்." மத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆனா ஒண்ணு. ரொட்டி வச்சாரு, கை காட்டுனாருன்னு இவ்வளவு எடுத்து வச்சிருக்கீக. நானும் இத்தன வருசமா வடிச்சுக் கொட்டுதேன். எனக்கு ஒரு ரெண்டு நிமிசம் உண்டா?"

நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். அங்கேயும் நிற்க முடியவில்லை.

வியாழக்கிழமை மேனேஜர் முன் வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஸ்பானிஷ் கொஞ்சம் தெரியும், அந்தத் தொழிற்சாலைக்கு இரண்டு முறை போய்வந்தவர். புரியாததை மேடம் இந்தியில் எடுத்துச் சொன்னார். ட்ரில்லிங்காரர் எழுந்து தன் சூப்பர்வைசரைப் பற்றிப் பேசினார். எவ்வளவு சொல்லியும் அவருக்கு 'திட்டமாட்டார், லீவு கேட்டால் மறுக்கமாட்டார்' என்றுதான் வந்தது. அடுத்து பாவு.

அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்து நின்றார். வகுப்பில் அவர் இவ்வளவு நேராக நின்று நான் பார்த்ததில்லை. என் கூட்டாளியை எனக்குப் பிடிக்கும் என்று ஆரம்பித்தார். இவர் ஓர் அளவைச் சொன்னால் நான் அப்படியே எடுத்துக்கொள்வேன், என் தம்பி சொன்னால்கூட ஒரு தடவை சரிபார்ப்பேன் என்றார். மழைக்காலத்தில் ஷாப்புக்குள் தண்ணீர் வரும், நான் அங்கே விட்டுப்போகும் செருப்பை மட்டும் யாரோ மேல் பலகையில் தூக்கி வைத்திருப்பார்கள், அது இவர்தான் என்றார். அது அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

பிறகு அவர் சிரித்தார். இவர் மெஷினோடு தனியாக இருக்கும்போது பாடுவார் என்றார். தமிழ்ப் பாட்டு, எனக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆள் வந்தால் நிறுத்திவிடுவார், அதற்காகவே நான் ஷிஃப்டுக்குச் சீக்கிரம் வந்து கம்ப்ரெஸர் பின்னால் நின்று கேட்பேன், பிறகு இருமிவிட்டு வருவேன் என்றார்.

அறையே சிரித்தது. மேனேஜர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. பல வருஷமாக யாரும் இல்லை என்று நினைத்துப் பாடியிருக்கிறேன். வெட்கம் ஒருபக்கம் தின்றது. அதற்கு நடுவிலும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஒரு தடவைகூடத் தடுமாறாமல் பேசி முடித்தார் பாவு. இப்படிப் பேசுகிறவருக்குப் போக வேண்டும் என்று இருக்கிறது. என்னைப் போலவே, ஒருவேளை என்னைவிட அதிகமாக.

அடுத்து நான்.

எழுந்து நிற்கும்வரை என் தீர்மானம், பாதியோடு நிறுத்திவிடுவது என்பதுதான். ரொட்டியைச் சொல்வேன், மற்றதை மறந்ததாகக் காட்டி உட்கார்ந்துவிடுவேன். அவர் போகட்டும். ரொட்டியைச் சொன்னேன். வயிறு நிறைந்துவிட்டது என்று அவர் சொல்லும் பொய்யை எனக்குப் பிடிக்கும் என்றேன். பாவு தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் நிறுத்த முடியவில்லை. கொரோனாவைச் சொன்னேன், கேட்டுக்கு வெளியே நின்றதைச் சொன்னேன், தூக்கிய கையைத் தூக்கியே காட்டினேன். மேடத்திடம் கேட்டுவைத்த வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்தன. கேட்காத ஒன்றுகூட வந்தது. அந்தக் கையைப் பார்க்கத்தான் நான் அந்த மாதங்களில் வேலைக்கு வந்தேன் என்றேன். அது உண்மைதானா என்று சொல்லும்போது யோசிக்கவில்லை. சொன்ன பிறகு உண்மையாகத்தான் இருந்தது.

உட்கார்ந்தேன். மேடம் கண்ணைத் துடைத்துக்கொள்வது போல் இருந்தது, அல்லது மூக்கு அரித்திருக்கலாம்.

மற்றவர்கள் பேசி முடித்ததும் மேனேஜர் எழுந்து வந்தார். எங்கள் இருவர் தோளிலும் கை போட்டார். நல்ல மனிதர், அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

"இப்படி ஒரு ஜோடி ஒரு மெஷின்ல இருக்குன்னு எனக்கு இத்தனை நாள் தெரியாது. இதை உடைச்சா நாளைக்கு எனக்குத்தான் தலைவலி. நீங்க ரெண்டு பேரும் இங்கேயே இருங்க."

பக்கத்து லைனில் நாங்கள் கடையும் பாகத்தையே ட்ரில் செய்யும் அந்த மனிதரை, திட்டமாட்டார் என்று பேசியவரை, எங்களுக்குப் பதிலாக அனுப்பலாம் என்றார் மேனேஜர். லேத் வேலையை அவருக்கு நாங்கள் இருவரும் சொல்லிக்கொடுத்துவிட வேண்டுமாம். எல்லாரும் கை தட்டினார்கள். எங்களுக்கா, அவருக்கா என்று தெரியாததால் நாங்களும் தட்டினோம்.

படி இறங்கும்போது மேடம் பின்னால் வந்தார். "நான்தான நல்லாச் சொல்லுங்கன்னு சொன்னேன்" என்றார். பரவாயில்லை மேடம் என்று பாவு சொன்னார்.

வியாழக்கிழமை கம்பெனி பஸ் கிடையாது. அதனால் அன்றைக்கு மட்டும் பாவு தன் மோட்டார் சைக்கிளில் வருவார், நான் எப்போதும் போல ரயிலில். அன்று அவர் வண்டியைக் கிளப்பவில்லை. தள்ளிக்கொண்டு என்னோடு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். வெயில் அடித்தது. வடாபாவ் வண்டி தாண்டியதும் நின்றார்.

"உனக்குப் போகணும்னு இருந்துதா, இல்லையா? இப்பவாவது சொல்லு."

"இருந்துச்சு பாவு. ரொம்ப."

"அப்போ எதுக்கு அவ்வளவு சொன்னே? கொஞ்சம் குறைச்சுச் சொல்லக்கூடாதா? நான் நல்லாப் பேசி முடிச்சேன், நீ எப்பவும் போல பாதியில உக்காந்துருவேன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன்."

அவர் வண்டியின் கண்ணாடியைத் திருப்பினார், மறுபடி பழைய இடத்துக்கே திருப்பினார். ஏரவாடாவில் தன் வீட்டுக்கு மேலேதான் விமானம் இறங்கும் என்றார். பிறந்ததிலிருந்து அதன் வயிற்றைத்தான் பார்த்திருக்கிறாராம். ஒரு தடவை அதன் உள்ளே இருந்து கீழே தன் தகரக் கூரையைப் பார்க்க வேண்டும் என்று ஆசை, வேறு ஒன்றும் இல்லை என்றார். உனக்கு என்ன என்று கேட்டார். என்னைத் தெரியாத ஊருக்குப் போனால் நன்றாகப் பேச வரும் என்று நினைத்தேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதான் இங்கேயே பேசித் தொலைச்சிட்டியே" என்றார். கோபமாகத்தான் சொன்னார். வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

ரயிலில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். அந்த நாள் முழுக்க வீட்டில் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. போகாதது ஒரு பக்கம். அதைவிட, நாளைக்கு அந்த மனிதரின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பது. பேசாத வரைக்கும் பத்து நிமிஷம் எங்களுக்குப் போதுமாக இருந்தது. இனி அந்தப் பத்து நிமிஷத்தை எதை வைத்து நிரப்புவது என்று விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் இரண்டாவது ஷிஃப்ட். போனபோது பாவு பேனலைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது டூல் மாற்றியாயிற்று என்றார். சரி என்றேன். விட்டம் மயிரிழை அளவு ஏறுகிறது, பார்த்துக்கொள் என்றார். சரி என்றேன். வழக்கமாக அந்த இடத்தில் அவர் போய்விடுவார். அன்று போகவில்லை. மெஷினுக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் பீஸை மாட்டினேன், கதவைச் சாத்தினேன், பட்டனை அழுத்தினேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையில் விட்டேன், எடுத்தேன்.

வெளியே முதல் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

"பஸ் போயிரும் பாவு" என்றேன்.

"போகட்டும்" என்றார். நகரவில்லை.